சங்ககிரி, நாமக்கல் துர்க்கங்களும் மைசூர் யுத்தங்களும்

சேலத்துக்குத் தென்மேற்கே சங்ககிரியும் தெற்கே நாமக்கல்லும் சமவெளியினின்று தனித்தெழும் பாறைகளாதலால், காவேரிக் கரையோரமாகவோ மைசூர்க் கணவாய்கள் வழியாகவோ படை நடத்தியவர் எவரும் அவற்றைக் கைக்கொள்ளாது இப்பிரதேசத்தை ஆள எண்ணியதில்லை. மலைக்கோட்டை என்றவுடன் முற்றுகையையும் குருதியையும் மட்டுமே நினைப்பது நம் வழக்கம். ஆயினும் இவ்விரு துர்க்கங்களிலும் எஞ்சியுள்ள சின்னங்களை நோக்குமிடத்து, இவை போரைக் காட்டிலும் நீரையும் தானியத்தையும் நிலவரியையும் காத்தற்கே பெரிதும் பயன்பட்டன என்பது என் துணிபு.

நாமக்கல் பாறையின் இருபுறமும் எட்டாம் நூற்றாண்டளவில் அதியர் மரபினர் குடைந்த நரசிங்கப் பெருமாள், அரங்கநாதர் குடைவரைகள் இருக்க, அதே பாறையின் உச்சியில் பல நூற்றாண்டுகள் கழிந்தே கோட்டை எழுந்தது. செங்குத்தான பாறையே பாதி மதிலாக நின்றமையின், கட்டினவர்க்கு உச்சியின் விளிம்பைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்புவதே போதுமாயிருந்தது.

சங்ககிரியின் அமைப்போ வேறு. அங்கே அடிவாரந்தொடங்கி உச்சிவரையில் மதிலுக்கு மேல் மதிலும் வாயிலுக்கு மேல் வாயிலுமாகக் கோட்டை சரிவிலே ஏறிச் செல்கிறது. ஒரு வாயிலை இழந்தாலும் அடுத்ததில் நின்று போராடலாம் என்னும் யுக்தி அதில் விளங்குகிறது. உச்சியை அடைந்தோர் காண்பனவோ தானியக் களஞ்சியமும், வெடிமருந்துக் கிடங்கும், மழைநீரைத் தேக்கிய சுனைகளும், ஆலயமும் மசூதியுமாகும். மதில் எத்துணை வலிதாயினும், சுனை வறண்ட கோட்டை மாதக்கணக்கில் தாங்காது என்பதைக் கட்டினவர் நன்கறிந்திருந்தனர்.

முதல் மைசூர் யுத்தத்தின்போது, 1768 ஆம் ஆண்டில், கர்னல் வுட் தலைமையில் வந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிப் படை சேலம், நாமக்கல் முதலிய இடங்களை விரைவாகக் கைப்பற்றிற்று. ஆனால் பிடித்த ஒவ்வோர் இடத்திலும் சிறு சிறு காவற்படைகளை விட்டுச் சென்றமையால் அப்படை சிதறி வலுவிழந்தது. அவ்வாண்டின் இறுதியில் கணவாய் இறங்கி வந்த மைசூர் அதிபர் ஹைதர் அலி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மிக எளிதில் மீட்டுக்கொண்டார். கோட்டையைப் பிடிப்பது வேறு, அதை ஆதரிக்கும் நடமாடும் சைன்யத்தை வைத்திருப்பது வேறு. இவ்வுண்மையைக் கும்பினியார் கற்றது பெருநஷ்டத்தின் பின்னரே.

மூன்றாம் யுத்தத்தின் முடிவில், 1792 மார்ச் 18 அன்று நிறைவேறிய சீரங்கப்பட்டண உடன்படிக்கையால், ஹைதரின் மகன் திப்பு சுல்தான் தம் ராஜ்யத்தில் பாதியை இழந்தபோது, பாராமகால் சீமையும் சேலமும் கும்பினியின் வசமாயின. பல கோட்டைகள் பீரங்கியால் அன்றிக் கையெழுத்தினால் கைமாறின. அதன்பின் இங்கு வந்த காப்டன் அலெக்ஸாண்டர் ரீடும், அவருக்குத் துணைநின்ற தாமஸ் மன்றோவும் வயல்வயலாக நிலத்தை அளந்து, குடியானவனோடு நேரே தீர்வை பேசிய முறையே பிற்காலத்து ரயத்துவாரி ஏற்பாட்டுக்கு அடிகோலிற்று. அதுகாறும் கோட்டையை உடையவனே வரி கொள்வோன் என்றிருந்த நிலை போய், கணக்கேட்டை உடையவன் வரி கொள்ளும் நிலை வந்தது.

எனினும் சங்ககிரி அதனோடு ஓய்ந்துவிடவில்லை. ஓடாநிலையில் கோட்டை கட்டிக் கும்பினியை எதிர்த்து நின்ற தீரன் சின்னமலை 1805 ஜூலை 31 அன்று தம் சகோதரர்களுடன் இம்மலையிலேயே தூக்கிலிடப்பட்டார். ஆண்டுதோறும் ஆடி பதினெட்டில் மக்கள் இங்கே திரள்வது அதனாலேயே. பகைவரை வெளியே தடுக்க எழுந்த மதில்கள், அந்நாளில் இந்நாட்டு மகனொருவனை உள்ளே அடைத்து வைக்க உதவின என்று எண்ணுங்கால் என் மனம் கலங்குகிறது.

இவ்விரு துர்க்கங்களும் இன்று மத்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் உள்ளன. ஆயினும் அறிஞர் கவனம் குடைவரைகளின் சிற்பங்கள் மீது சென்ற அளவுக்குக் களஞ்சியங்கள் மீதும் சுனைகள் மீதும் சென்றதில்லை. ஒவ்வொரு சுனையும் எத்துணை நீர் கொள்ளும், களஞ்சியம் எத்துணை மூட்டை கொள்ளும் என்று அளந்து கணக்கிட்டால், எத்தனை வீரர் எத்தனை நாள் அங்கே தாங்கியிருக்கக்கூடும் என்பதை ஒருவாறு நிர்ணயிக்கலாம். கல்லிடுக்குகளில் ஆலும் அரசும் வேர்விட்டுச் சுவர்களைப் பிளக்குமுன் அப்பணி தொடங்கப்பெற வேண்டும்.