தானாகத் திறந்த கதவு

சுனாபட்டிப் பக்கம் எங்களுக்கு இணையம் முதலில் வெறும் எழுத்தாகத்தான் வந்தது. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று மும்பை உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. மாணவர்களுக்குக் கட்டுப்படியானது 'ஷெல்' கணக்கு. மோடம் கத்தி ஓய்ந்ததும் எதிர்முனை சர்வர் பெயரைக் கேட்கும், கடவுச்சொல்லைக் கேட்கும். உள்ளே போனால் மடலுக்குப் பைன், உலாவ லின்க்ஸ். படமே கிடையாது.

லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் டயல் செய்யும் மென்பொருளில் ஒரு குட்டி ஸ்க்ரிப்ட் எழுதி வைப்பார்கள்: 'லாகின்' என்று வந்தால் பெயரை அனுப்பு, 'பாஸ்வேர்ட்' என்று வந்தால் கடவுச்சொல்லை அனுப்பு. இது நம்மூர்க் கண்டுபிடிப்பு அல்ல. 1979-ன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே யூ.யூ.சி.பி. இப்படித்தான் அடுத்த கணினிக்குள் நுழைந்தது.

சிக்கல் என்னவென்றால், கடவுச்சொல் கோப்பில் பச்சையாகக் கிடக்கும். கணக்கோ மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து வாங்கியது. கோப்பைப் பார்த்தவர் நம் மணிநேரத்தைத் தின்றுவிடலாம். எம்.ஐ.டி.யில் 1962-லேயே இது நடந்தது. வாரம் 4 மணி நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், கடவுச்சொல் கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டார் :-)

இன்று லினக்ஸில் 'அகெட்டி'க்கு ஆட்டோலாகின் என்று ஒரு வரி போதும். கடவுச்சொல்லை எங்கும் எழுத வேண்டாம். ஆனால் விசைப்பலகை முன் உட்கார்ந்தவரெல்லாம் நீங்கள்தான். ஊரில் அம்மா அப்பா வீட்டில் சர்வர் வைத்துவிட்டு வரும் நண்பர்களே, 'ரூட்' கணக்குக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். தூரத்திலிருந்து நுழைய எஸ்.எஸ்.எச். சாவி இருக்கிறது. அதுவும் 1995-ல் பிறந்ததுதான்.