கோவளம் முதல் எயிற்பட்டினம் வரை: நெய்தல் வழிப்பயணமும் தேறலும்

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டுக் கழிமுகத்தை அடுத்துள்ள கோவளத்தில் தொடங்கி, மாமல்லபுரம், பாலாற்று முகத்துவாரம், இடைக்கழிநாடு ஆகியவற்றைக் கடந்து மரக்காணம் வரை நீளும் கடற்கரை, நண்பர்கள் குழுவாகக் கூடி ஒரே பகலில் சென்று திரும்பும் சுற்றுலா வழியாக இன்று அறியப்படுகிறது. இடங்களைக் கண்டு, ஊருக்கு ஊர் உண்டு, மதுவை அது உருவாகும் இடத்திலேயே சுவைத்துச் செல்லும் பயணம், நாசிக் போன்ற திராட்சைத் தோட்டப் பகுதிகளின் வழியாக அண்மையில் இந்தியாவுக்கு வந்த மேலை வழக்கம் என்று பலர் கருதுகின்றனர். ஆயினும் அத்தகைய பயணத்தின் பழந்தமிழ்ப் பதிவுகளில் முதன்மையான இரண்டு இக்கடற்கரையையும் இதனை ஒட்டிய தொண்டை நாட்டையும் பற்றியவை.

அவை பத்துப்பாட்டில் இடம்பெறும் சிறுபாணாற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் ஆகும். வள்ளலிடம் பரிசு பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு அவ்வள்ளலின் ஊருக்குச் செல்லும் வழியைக் கூறும் இலக்கிய வகையே ஆற்றுப்படை. இப்பாட்டுகளில் வழி கேட்கும் இசைக்கலைஞனான பாணன் தனியே செல்வதில்லை. யாழுடனும் சுற்றத்துடனும் செல்கிறான். ஆகவே எந்த ஊரில் எதைக் காணலாம், எவர் விருந்தளிப்பர், எந்த உணவுடன் எந்த மது கிடைக்கும் என்பதெல்லாம் ஒரு குழுவுக்கு உரிய வழிகாட்டுதலாகவே சொல்லப்படுகின்றன.

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊரை நோக்கிச் செல்லும் பாணனை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்கள் வழியே அழைத்துச் செல்கிறது. மரக்காணம் என்று அறிஞர் பலர் கருதும் எயிற்பட்டினத்தில், அலைகள் கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகளை விறகாக்கி நுளையர் குலப் பெண்கள் தீ மூட்டுகின்றனர். அவர்கள் வடித்தெடுத்த பழந்தேறலைப் பரதவர் சுட்ட குழல்மீனுடன் விருந்தினருக்கு அளிக்கின்றனர். வேலூரில் வேட்டுவப் பெண்களான எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமானின் சூட்டிறைச்சியும், மருத நிலத்து ஆமூரில் குற்றிய அரிசிச் சோறும் நண்டும் கிடைக்கின்றன. நிலம் மாற உணவும் மாறுவதை நத்தத்தனார் எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார் என்பது வியக்கத்தக்கது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, மது உருவாகும் முறையையே விளக்குகிறது. வலைஞர் குடியிருப்பில், தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாய் அகன்ற பிழா என்னும் தட்டில் ஆறவிட்டு, முளைத்த தானியத்தால் ஆன அடையைக் கலந்து, உறுதியான வாயுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, முதிர்ந்தபின் விரலால் அலைத்துப் பிழிகின்றனர். முளை தானியத்தின் நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்ற, அச்சர்க்கரை நொதித்து மதுவாகும் இம்முறை, உலகின் பல நாடுகளில் பீர் வடிக்கும் முறைக்கு அடிப்படையில் ஒத்தது. இதே பாட்டில் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தை மாமல்லபுரமாகக் கருதுவோர் உண்டு. அங்கே கலங்களுக்கு வழிகாட்டும் உயர்ந்த விளக்கையும், மது வடிக்கும் மகளிரையும், வெண்பிடரிமயிர்க் குதிரைகளைக் கொண்டுவரும் நாவாய்களையும் பாணன் காண்கிறான்.

உள்ளூர் மதுவுடன் கடல் கடந்த மதுவும் தமிழகத்துக்கு வந்தது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாடல், யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த நறுந்தேறலை மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தருவதைக் கூறுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ், முசிறிப் பகுதியில் இறக்குமதியாகும் பொருள்களுள் திராட்சை மதுவைச் சிறிதளவே குறிப்பிடுகிறது; ஆகவே அது பொதுமக்களின் பானமாக இருந்திருக்க இயலாது. மரக்காணத்துக்குத் தெற்கே உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், ஆம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், கோஸ் தீவின் சாடிகளும் அவற்றை ஒத்தவையும் மிகுதி என்று கண்டார்; அத்தீவின் மது கடல்நீர் கலந்து செய்யப்பட்டது.

பிற்காலத்தில் கோவளமே வணிகத் துறையாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் ஆஸ்டெண்ட் வணிகக் குழு இங்கே நிலைகொண்டது. பின்னர் ஆர்க்காட்டு நவாபின் கோட்டை எழுந்தது. அதனை 1752இல் இராபர்ட் கிளைவ் கைப்பற்றியபின் அது தகர்க்கப்பட்டது.

மதுவுக்கும் ஊருக்கும் இருந்த உறவைப் படிப்படியாகக் குலைத்தது வரியும் சட்டமும்தான். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மது வடிப்பையும் விற்பனையையும் அரசின் உரிமத்துக்கு உட்படுத்தி, அவற்றை வருவாய்க்குரிய துறையாக இறுக்கியது. குடியால் சிதைந்த குடும்பங்களின் துயரைக் கண்டு எழுந்த மதுவிலக்கு இயக்கத்தின் பயனாக, 1937இல் இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அது 1971இல் தளர்த்தப்பட்டு, பின்னர் மீண்டும் நடைமுறைக்கு வந்தாலும் நிலைக்கவில்லை. 1983இல் மது மொத்த விற்பனைக்கான அரசு நிறுவனமாக டாஸ்மாக் தோன்றியது. 1987இல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கையில் உள்ளது. இதன் விளைவாக, எங்கோ ஓர் ஆலையில் உருவாகி ஊர்தோறும் ஒரே சுவையில் விற்கப்படும் மது நிலைக்க, ஒரு நிலத்தின் தானியத்திலும் அங்குள்ள மனிதரின் கைத்திறனிலும் உருவான மது மறைந்தது.

மதுவின் தீங்கைக் குறைக்கும் நோக்கம் இன்றும் மதிக்கத்தக்கதே. ஆனால் பழைய வழிப்பயணத்தில் மது தனித்து நின்றதில்லை. அது மீனோடும் இறைச்சியோடும், அவற்றை அளித்தவரின் விருந்தோம்பலோடும் சேர்ந்தே வந்தது. மாமல்லபுரத்துக் கற்கோயில்களைக் காக்கும் அக்கறையோடு, இக்கடற்கரையின் வலைஞரும் நுளையரும் பேணிய உணவு மரபையும் பதிவுசெய்து பயணிகளுக்கு எடுத்துரைப்பது, வரலாற்றாளரும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து ஆற்ற வேண்டிய கடமையாகும்.