பிரித்தானியச் சிறு இறைச்சிக்கூடங்கள்

பிரித்தானியாவின் சிறு இறைச்சிக்கூடங்கள், சுற்றுவட்டாரப் பண்ணைகளின் ஆடு, மாடு, பன்றிகளைச் சிறு எண்ணிக்கையில் ஏற்று, அறுத்து, உரித்து, பல இடங்களில் துண்டுபோட்டும் கொடுக்கும் உரிமம் பெற்ற நிலையங்களாகும். கால்நடை வளர்ப்பவர் தம் வீட்டுத் தேவைக்காகத் தம் நிலத்திலேயே ஒரு விலங்கை அறுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் விற்பனைக்கு வரும் ஆடு, மாடு, பன்றி இறைச்சி, உரிமம் பெற்ற கூடத்தில் அரசு கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் அறுக்கப்பட்டுச் சுகாதார முத்திரை பெற்றிருக்க வேண்டும். ஆகவே, அருகில் கூடம் இல்லாதவர், மேய்ச்சல் எவ்வளவு செழித்திருந்தாலும், தம் இறைச்சியைத் தம் பெயரில் விற்க இயலாமல், விலங்கை உயிரோடு சந்தையில் விற்றுவிடும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

விலங்கைக் கூலிக்கு அறுத்து, அதே விலங்கின் இறைச்சியை உரியவரிடமே திருப்பித் தரும் வழக்கமே சிறு பண்ணையாளருக்கு இன்றியமையாதது. ஒரே அளவிலான விலங்குகள் வரிசையாக நகரும்படி அமைக்கப்பட்ட பெரும் ஆலைகளில், இரண்டு பன்றிகளுடனோ நீண்ட கொம்புள்ள ஹைலேண்ட் மாட்டுடனோ வருபவருக்குப் பெரும்பாலும் இடமில்லை. அருகிவரும் நாட்டினங்களை வளர்ப்போர் சிறு கூடங்களையே நம்பியிருப்பதற்கு இதுவே காரணம்.

1970களின் தொடக்கத்தில் ஐக்கிய இராச்சியத்தில் சுமார் 2,500 கூடங்கள் இருந்தன. 2018 வாக்கில் அவை ஏறத்தாழ 250 ஆகக் குறைந்துவிட்டன. ஐரோப்பியப் பொதுச் சந்தைக்கான கட்டட, சுகாதார விதிகள் 1993 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அவற்றுக்கேற்பக் கட்டடத்தை மாற்றியமைக்கும் செலவைத் தாங்காமல் பல கூடங்கள் மூடப்பட்டன. 1996இல் பெரிதாக வெடித்த பைத்தியப் பசு நோய் நெருக்கடிக்குப் பின், மூளை, தண்டுவடம் போன்ற நோய்க்கூறு தங்கும் பகுதிகளைப் பிரித்து அழிக்கும் செலவும் கூடியது. முன்பு வருவாய் தந்த ஆட்டுத்தோல் விலை வீழ்ந்து, பல இடங்களில் அதை அகற்றுவதற்கே பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

எல்லாவற்றினும் கடுமையாக அழுத்தியது பரிசோதனைக் கட்டணமே. மேற்பார்வையாளரின் பணி நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் கணக்கிடப்பட்டால், அவர் முன்னால் சில ஆடுகள் மட்டுமே அறுக்கப்படும் கூடத்தில் ஒவ்வோர் ஆட்டின் மீதும் விழும் பங்கு, நூற்றுக்கணக்கில் அறுக்கும் ஆலையைவிடப் பல மடங்காகிறது. இந்த ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த மெக்லீன் குழு, 2000ஆம் ஆண்டில் தலைக்கட்டு முறையை, அதாவது அறுக்கப்படும் விலங்குகளின் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் வாங்குவதைப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே அது நடைமுறைக்கு வந்ததால் பல கூடங்கள் பிழைத்தன. உணவின் பாதுகாப்பில் எதையும் விட்டுக்கொடுக்காமலே சிறியவர்களைக் காக்க முடியும் என்பதற்கு இதுவே தக்க சான்று. 2009இல் கட்டணம் மீண்டும் நேர அடிப்படைக்கு மாறியது வருந்தத்தக்கது. பின்னர் வந்த தள்ளுபடி முறை சுமையைப் பெருமளவு குறைத்தாலும் முற்றிலும் நீக்கவில்லை.

ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளில் இழப்பின் முழுப் பொருளையும் காணலாம். அங்கிருந்த கூடம் 2018இல் மூடப்பட்டதால், மாடுகளைக் கப்பலேற்றிப் பெருநிலத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஆர்க்னி மாட்டிறைச்சிக்கு ஐரோப்பிய ஒன்றியம் வழங்கிய புவிசார் பாதுகாப்பு, தீவிலேயே பிறந்து, வளர்ந்து, அங்கேயே அறுக்கப்பட்ட மாடுகளுக்கே உரியது. வளர்ப்பில் எவ்வித மாற்றமும் இல்லாதபோதும், அறுக்குமிடம் போனதால் அந்தப் பெயரும் கைவிட்டுப் போயிற்று.

இங்கிலாந்துக்கென 40 லட்சம் பவுண்டு சிறு இறைச்சிக்கூட நிதியை அரசு 2023இன் இறுதியில் அறிவித்தது. கருவிகளையும் கட்டடங்களையும் புதுப்பிக்க அது உதவினாலும், கழிவகற்றும் செலவும், அறுப்புத் தொழிலில் தேர்ந்தவர் கிடைக்காத குறையும் அந்நிதியின் எல்லைக்கு வெளியிலேயே இருந்தன.