டை டப்பாவில் கண்ணைப் பற்றி ஏன் எழுதியிருக்கு?

ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இங்கே ஜெய்ப்பூரில் எங்க வட்டத்துத் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் பழைய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தலைக்கு டை! "என்னப்பா, இப்படி நரைச்சுப் போச்சு"ன்னு எந்தப் பெரியப்பாவும் கேட்டுடக் கூடாதே. நானும் அந்தக் கட்சிதான்.

டப்பாவில் பொடி எழுத்தில் ரெண்டு வரி இருக்கும். முதலில் தோலில் தடவிச் சோதித்துப் பார்க்கணும். இமைக்கும் புருவத்துக்கும் போடக் கூடாது, பார்வை போகலாம். தலைக்குப் போடற சமாச்சாரத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? தேடிப் போனால் அது 90 வருஷத்துக்கும் மேலான கதை.

முடியின் வேரில் இருக்கும் சில செல்கள் மெலனின் என்ற நிறமியைச் செய்து வளரும் முடிக்குள் அனுப்புகின்றன. கருப்பும் பழுப்பும் தருவது யூமெலனின், செம்பட்டை தருவது ஃபியோமெலனின். அந்தச் செல்கள் தீர்ந்துபோனால் அதற்கப்புறம் வளரும் முடி வெள்ளைதான். வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத நார். அதற்குள் எந்த எண்ணெயும் மெலனினைத் திரும்பக் கொண்டுவராது. (பித்த நரைத் தைலம் விற்பவர்கள் மன்னிக்க.) கருப்பு வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் ஏற்றணும்.

அதற்கு ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஈய உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் பூசினார்கள். 1856ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயசுப் பையன், மலேரியாவுக்கான குவினைன் செய்யப் பார்த்து, நிலக்கரித் தார்ச் சரக்கிலிருந்து ஊதாச் சாயம் செய்துவிட்டார். அப்புறம் தாரிலிருந்து சாயம் சாயமாக வந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் பாரா ஃபினிலின் டையமின், சுருக்கமாக பிபிடி. 1880களில் அதை முடிக்குப் போடக் காப்புரிமை வாங்கினார்கள். 1909ல் யூஜின் ஷ்யூலர் பாரிஸில் தொடங்கிய கம்பெனியின் பெயரிலேயே 'தீங்கில்லாத தலைச்சாயம்' என்று இருந்தது. இன்றைய லோரியல் அதுதான். பெயரிலேயே சத்தியம் பண்ண வேண்டியிருந்ததென்றால், ஜனங்களுக்குச் சாயம் என்றாலே எவ்வளவு பயம் இருந்திருக்கும்!

பிபிடியின் வேலை நிஜமாகவே கெட்டிக்காரத்தனம். அது சின்ன, நிறமில்லாத மூலக்கூறு. அமோனியா முடியின் மேல்செதிலைத் திறந்துவிட, உள்ளே நுழைந்து, பெராக்சைடோடு சேர்ந்து பெரிய கருப்பு மூலக்கூறாகி அங்கேயே மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் தலைக்குக் குளித்தாலும் போவதில்லை. ஆனால் தோலில் படும் பிபிடியைச் சிலரது உடம்பு எதிரியாகக் குறித்து வைத்துக்கொள்ளும்.

1933ல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்று இமைக்கும் புருவத்துக்கும் போடும் சாயம் விற்றது. உள்ளே இருந்தது பிபிடி. போட்டுக்கொண்ட பெண்களுக்குக் கண் வீங்கிப் புண்ணாகி, சிலருக்குப் பார்வையே போனது. அரசால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் 1906ஆம் வருஷச் சட்டத்தில் அழகுசாதனம் என்ற பேச்சே கிடையாது. அதிகாரிகள் அந்தப் பெண்களின் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். 1937ல் ஒரு மருந்து குடித்து 100 பேருக்கு மேல் செத்த பிறகுதான் 1938ல் புதுச் சட்டம் வந்தது. லாஷ் லூரைப் பறிமுதல் செய்தார்கள்.

ஆனால் தலைக்குப் போடும் தார்ச் சாயத்துக்கு அதே சட்டம் விலக்கு கொடுத்தது. இந்த ரெண்டு வரியை அச்சடித்துவிட்டால் போதும், விற்கலாம். இதை நான் பேரம் என்றுதான் சொல்வேன். படிக்க வேண்டிய பொறுப்பு நம்ம தலையில் விழுந்துவிட்டது. இந்திய விதிகளிலும் பிபிடி உள்ள டைக்குக் கிட்டத்தட்ட அதே வாசகம்தான், ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் போடணும் என்று. ஜெய்ப்பூரில் உள்ளூர் மொழி ஹிந்தி. பேரப் பிள்ளைகளைப் பார்க்க வந்து நம்மோடு தங்கும் அம்மா அப்பாவுக்கு ரெண்டும் தெரியாவிட்டால், நாமதான் படித்துச் சொல்லணும்.

சோதனை ஒன்றும் பிரமாதமில்லை. சீட்டில் சொன்ன மாதிரி காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ துளி தடவி, 48 மணி நேரம் பார்க்கணும். ஒவ்வொரு தடவையும். "பத்து வருஷமா போடறேன், ஒண்ணும் ஆகலையே" என்பது உத்தரவாதம் கிடையாது. ஒவ்வாமை பதினோராவது வருஷமும் வரும்.

இங்கே இன்னொரு வில்லங்கம், காலி மெஹந்தி. (தீர்ந்துபோன மருதாணி இல்லைங்க, கருப்பு மருதாணி!) நம்ம பக்கத்து சோஜத் மருதாணி பேர்போனது, 2021ல் புவிசார் குறியீடும் வாங்கியது. ஆனால் எந்த ஊர் மருதாணியும் தனியாகக் கருப்பு தராது, செம்பழுப்புதான். மருதாணிக்கு மேல் அவுரிப் பொடி போட்டால் கருப்பு வரும், பாதி நாள் போய்விடும். சீக்கிரமே கருகருன்னு ஆக்கும் பாக்கெட்டில் பெரும்பாலும் பிபிடிதான் இருக்கும், பின்பக்கம் பாருங்க. கல்யாண வீட்டில் குழந்தைகள் கையில் இந்தக் கருப்பு மருதாணி வைக்காதீங்க. இப்போ பழகிய தோல் பல வருஷம் கழித்து டை போடும்போது பழி வாங்கும்.

அரித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசணும். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்க, உள்ளே என்ன இருந்ததுன்னு டாக்டருக்குத் தெரியணும்.