தணிகைப் படிகளும் தொட்டறியும் விஞ்ஞானமும்

முருகனின் ஆறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகிய திருத்தணிகையில் மலையேறும் படிகள் 365 என்றும், அவை ஓர் ஆண்டின் நாட்களைக் குறிப்பவை என்றும் அங்கு வரும் யாத்ரீகர் யாரைக் கேட்டாலும் சொல்வர். டிசம்பர் 31ஆம் தேதி நடைபெறும் திருப்படித் திருவிழாவில், படிதோறும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிய பின்னரே அடுத்த படியில் கால் வைக்கும் பக்தர் கூட்டம், ஓர் ஆண்டு முழுவதையும் தன் உடம்பினாலேயே அளந்து முடித்துப் புத்தாண்டின் வாயிலில் சந்நிதியை அடைகிறது. ஆங்கில அதிகாரிகளின் பங்களாக்களில் ஜனவரி முதல் தேதியன்று மாலையும் பழமும் ஏந்திக் காத்து நின்ற நம் மக்களை, முதலில் காண வேண்டிய துரை தணிகேசனே என்று சொல்லி இம்மலைக்குத் திருப்பிவிட்டவர், வள்ளிமலைத் திருப்புகழ் சச்சிதானந்த சுவாமிகள். இவ்வழக்கம் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அவரால் தொடங்கப்பெற்றது.

இது பக்தியின் பொருட்டு எழுந்த வழக்கமேயன்றி விஞ்ஞானப் பிரசாரம் அன்று. ஆயினும், விஞ்ஞானத்தைப் பொதுஜனங்களிடம் கொண்டுசெல்ல நம் நாட்டில் நடந்த பிரயத்தனங்களின் சரித்திரத்தை நினைக்கும்போதெல்லாம் என் மனம் இந்தப் படிகளிடமே வந்து நிற்கிறது. காண வந்தவன் வெறும் பார்வையாளனாக நில்லாமல் தானே அந்தக் காட்சியின் ஓர் அங்கமாகிவிடுவதும், அவன் கால் அசையாவிடில் அங்கே எதுவும் நிகழாதென்பதும், இன்றைய கணினிக் கலைஞர்கள் தங்கள் படைப்புகளுக்கு ஆதாரமாகக் கொண்டுள்ள தத்துவமே அல்லவா? படிகளில் அடங்காத மிச்சம் ஒன்றும் உண்டு. வாக்கிய பஞ்சாங்கத்தின்படி சூரிய வருஷம் என்பது 365 நாட்களுக்கு மேல் 15 நாழிகையும் 31 விநாடியும் கொண்டது. அந்த மிச்சம், கடிகாரக் கணக்கில் ஆறு மணிக்குச் சற்று மேல். நான்கு வருஷத்தில் அது ஒரு நாளுக்குச் சற்று மிகுதியாகத் திரண்டுவிடுகிறது. ஏறி இளைத்த கால்களுக்கு இதை விளக்குவது, வகுப்பறையில் அமர்ந்திருப்பவனுக்கு விளக்குவதைவிட எவ்வளவோ எளிது.

பஞ்சாங்கத்தை நம்பும் மக்களுக்குப் பஞ்சாங்கத்தின் வழியாகவே வானசாஸ்திரத்தைச் சொல்ல முயன்றவர்களில் தலையாயவர், சென்னை நுங்கம்பாக்கம் வானாராய்ச்சி நிலையத்தில் உதவியாளராகப் பணிபுரிந்து, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளி விண்மீனைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். 1874 டிசம்பர் 9ஆம் தேதி சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்து செல்லவிருந்த அபூர்வ நிகழ்ச்சியை ஒட்டி அவர் வெளியிட்ட சிறு நூல், பண்டிதர் ஒருவர் ஐயங்களை வினவ வானசாஸ்திரி விடை பகரும் சம்பாஷணை வடிவில் அமைந்தது. ஆங்கிலத்தோடு நின்றுவிடாமல் இந்திய பாஷைகளிலும் அது வரவேண்டும் என்று அவர் கருதியதிலும், வாசகன் மனத்தில் எழும் ஆட்சேபத்தை முன்கூட்டி உணர்ந்து அதற்கும் ஒரு குரல் கொடுத்ததிலும் வெளிப்படும் மரியாதையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

கண்ணாடிப் பேழைக்குள் பொருளை வைத்துத் தொடாதே என்று எழுதி ஒட்டிய காட்சிசாலைகளின் காலம் அதன் பின்னும் நெடுநாள் நீடித்தது. அந்தத் தடையை உடைத்தவற்றுள் மிகப் பெயர் பெற்றது, ஆஸ்கர் வான் மில்லர் என்பவர் 1903இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஸ்தாபித்த காட்சிசாலை. பொத்தானை அழுத்தியும் கைப்பிடியைச் சுழற்றியும் இயந்திரங்களை மக்களே இயக்கிப் பார்க்க அங்கே வழி செய்தனர். அம்முறை 1959இல் கல்கத்தாவுக்கும், 1965இல் பெங்களூரின் விசுவேசுவரய்யா காட்சிசாலைக்கும் வந்தது. சென்னைக் கோட்டூர்புரத்துப் பிர்லா கோளரங்கம் திறக்கப்பட்டது 1988இல். இதற்கிடையே, 1969இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் பௌதிக விஞ்ஞானி பிராங்க் ஓபன்ஹைமர் நிறுவிய எக்ஸ்ப்ளோரட்டோரியம், விஞ்ஞானிகளுக்குச் சமமாகக் கலைஞர்களையும் அழைத்து வந்து, ஒளியையும் ஒலியையும் காற்றையும் கொண்டு படைக்கச் செய்தது. கலையும் விஞ்ஞானமும் ஒரே கூடத்தில் தொழில் புரியத் தொடங்கிய அந்தத் திருப்பமே இப்பொருளின் இதயஸ்தானம் என்பது என் கருத்து.

நகரத்துக்கு வர இயலாதவர்களிடம் நகரமே செல்ல வேண்டும் என்ற எண்ணத்தின் மிகச் சிறந்த வடிவம் 2007 அக்டோபர் 30ஆம் தேதி டெல்லியில் புறப்பட்டது. பிரதமர் மன்மோகன் சிங்கும் ஜெர்மானியச் சான்சலர் ஏஞ்சலா மெர்க்கலும் கொடியசைத்து அனுப்பிய சயன்ஸ் எக்ஸ்பிரஸ் என்னும் அந்த ரயில், 16 பெட்டிகளில், தொடக்கத்தில் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சிக் கழகத்தாரின் காட்சிகளையும், மாணவர்கள் கையால் பரிசோதனை செய்து பார்க்கும் கூடத்தையும் சுமந்துகொண்டு, 2017 வரை தேசமெங்கும் சுற்றியது. அந்தப் பயணம் நின்றுபோனது ஒரு நஷ்டமென்றே நினைக்கிறேன். ஏனெனில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் ஊர் ரயிலடியிலேயே விஞ்ஞானத்தைச் சந்திப்பதற்கு நிகரான ஏற்பாடு பின்னர் எழவில்லை.

இன்று இம்முயற்சியின் மிக முன்னேறிய நிலையைப் பெங்களூரின் சயன்ஸ் கேலரியில் காணலாம். டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் 2008இல் பிறந்த கருத்தின் கிளையாகிய இந்நிறுவனம், பெருந்தொற்றுக் காலமாகிய 2021இல் கண்டேஜன் என்ற பெயரில் தொற்றுநோய் பற்றிய கண்காட்சியை இணையத்தின் வழியாக நடத்தியது. 2024இல் தன் சொந்தக் கட்டடத்தில் கார்பன் என்ற கண்காட்சியோடு திறந்துவைக்கப்பட்டது. பார்ப்பவரின் அசைவுக்கு விடையளிக்கும் கணினிக் கலையின் சூட்சுமம் பலருக்குத் தோன்றுவது போல் மாயம் அன்று. கேமரா ஒன்று எதிரே நிற்பவரின் உருவத்தைக் கணந்தோறும் பதிவு செய்கிறது. முந்திய படத்துக்கும் பிந்திய படத்துக்கும் உள்ள வேற்றுமையைக் கணினி கணக்கிடுகிறது. அந்த வேற்றுமையே திரையில் நீரலையாகவோ நோய்க்கிருமிகளின் பெருக்கமாகவோ உருமாறுகிறது. கையை அசைத்தால் அலை எழுகிறது, நிறுத்தினால் அடங்குகிறது. காரணகாரியத் தொடர்பைத் தன் உடம்பால் உணர்ந்தவனுக்கு அதன் விதியை அறியும் ஆவல் தானே பிறந்துவிடும்.

இத்தகைய கலை திருத்தணி போன்ற ஊர்களுக்கே முதலில் வரவேண்டும் என்பதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவில் இருந்த இவ்வூர், ம.பொ.சிவஞானம் முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. ஆனால் கோடு மாறியதனால் கடைத்தெருவின் பேச்சு மாறிவிடவில்லை. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி ஏந்தி வரும் ஜனசமுத்திரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. நீண்ட விளக்கப் பலகையைப் படிக்கத் தெரியாத பாட்டியும், தொட்டால் விடையளிக்கும் காட்சியிடம் அன்னியமாக உணரமாட்டாள். எனினும் கருவி மட்டும் போதாது. பெங்களூரில் மீடியேட்டர் என்று அழைக்கப்படும் இளைஞர்கள் காட்சியின் அருகே நின்று வந்தவரோடு உரையாடுவதைப் போல, இவ்வூர் அரசு கலைக் கல்லூரியில் பயிலும், இரு மொழியும் அறிந்த பிள்ளைகள் சிலரை மலையடிவாரத்தில் நிறுத்தினால், ரகுநாதாச்சாரியார் அச்சில் நடத்திய அந்தச் சம்பாஷணையை அவர்கள் நேர்முகமாகவே நடத்திக் காட்டுவார்கள்.