கரை கட்டிய நிலம்: போர்ட் கிள்ளான் கரையோரத் தாழ்நிலத்தின் வரலாறும் புவியியலும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் மரத்திலிருந்தே தொடங்கப்பெறுகிறது. காப்பி, இரப்பர், செம்பனை என்னும் பயிர்களின் வரிசையே அவ்வரலாற்றின் காலப் பகுப்பாகவும் அமைந்துவிட்டது. ஆயின், மரம் நடுவதற்கு முன்னர் நிலத்தையே உருவாக்க வேண்டியிருந்த இடங்களும் உண்டு. போர்ட் கிள்ளானுக்குத் தெற்கே, கோல லங்காட் மாவட்டத்தில் அமைந்துள்ள கேரித் தீவு அத்தகைய இடமாகும். கடல்நீர் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கிய அலையாத்திச் சேற்றில் கரை எழுப்பி, வடிகால் வெட்டி ஆக்கப்பட்டதே இன்றைய தோட்ட நிலம். இக்கட்டுரை அத்தீவையும் அதன் அருகிலுள்ள துறைமுகத்தையும் ஒருங்கே நோக்கி, நிலத்தை ஆக்கிய உழைப்பை வரலாற்றில் உரிய இடத்தில் வைக்க முற்படுகிறது.

ஒப்பீட்டிற்கு இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள ஃபென் தாழ்நிலத்தை எடுத்துக்கொள்கிறோம். முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு அந்நாட்டில் தங்கியிருந்த காலத்தில் அப்பகுதிச் சிற்றூர்களைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. வயல் தாழ்ந்தும் அதன் அருகே ஆறு உயர்ந்தும் செல்லும் காட்சி பிறருக்கு வியப்பளிக்கலாம். கேரித் தீவின் கரைமேட்டில் நடந்து பழகிய நமக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

நில அமைப்பு

கேரித் தீவின் மேற்கே மலாக்கா நீரிணை உள்ளது. லங்காட் ஆறு அதனைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கிறது. தெலுக் பங்லிமா காராங் பக்கமிருந்து பாலம் ஒன்று தீவை இணைக்கிறது. மண் பெரும்பாலும் ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த களிமண்ணாகும். இக்கரையோரத்தில் பெரிய ஓதத்தின்போது கடல் மட்டத்தின் ஏற்றமும் இறக்கமும் 4 மீட்டருக்கு மேல் வேறுபடும். எனவே கரை இல்லையேல் இங்கு நிலமும் இல்லை எனலாம்.

இத்தகைய சமதளத்தில் சிறு மேடும் பெருஞ்சிறப்புப் பெறுகிறது. அருகே எழும் ஜுக்ரா குன்றின் அடியில் சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட் தம் இருப்பிடத்தை அமைத்துக்கொண்டார். ஃபென் நிலத்தில் ஈலி என்னும் ஊரும் சதுப்பின் நடுவே தீவுபோல் எழுந்த மேட்டிலேயே தன் பேராலயத்தைக் கொண்டுள்ளது. தாழ்நிலத்தில் ஆட்சியும் சமயமும் மேட்டினை நாடுவது இரு நாட்டிற்கும் பொதுவாகிறது.

வடிகாலுக்கு முந்தைய வாழ்வு

சதுப்பு நிலத்தைப் 'பாழ்நிலம்' எனக் குறிப்பது அதனை வடிக்க விரும்பியோரின் வழக்கு. கேரித் தீவில் மா மெரி என்னும் பழங்குடியினர் தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்பிருந்தே வாழ்ந்து வருகின்றனர். சுங்கை பும்புன், சுங்கை ஜூடா முதலியன அவர்தம் சிற்றூர்கள். மீன், நண்டு, மரம், ஓலை ஆகியன அவர்களுக்குச் சதுப்பு அளித்த செல்வம். மூதாதையர் வழிபாடும், கடற்கரைச் சேற்றில் நிகழும் கடல் வழிபாடும், மூதாதை ஆவிகளின் உருவைக் காட்டும் மரமுகமூடிகளும் இன்றளவும் அவர்களிடம் நிலைத்துள்ளன.

ஃபென் மக்களும் மீன், விலாங்கு, நீர்ப்பறவை, நாணல் ஆகியவற்றால் வாழ்ந்தவர்களே. 1630இல் பெட்ஃபோர்டு கோமகன் முதலாளிகளைத் திரட்டி வடிகால் பணியை மேற்கொண்டபோது, டச்சுப் பொறியாளர் கொர்னேலியஸ் வெர்மைடன் அதற்குத் துணைநின்றார். பொதுநிலத்தை இழந்த மக்கள் கரைகளை உடைத்து எதிர்த்தனர். தமிழ் இலக்கண மரபில் நிலம் முதற்பொருளாகவும், உணவும் தொழிலும் தெய்வமும் கருப்பொருள்களாகவும் வகுக்கப்பட்டுள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது. நெய்தல் நிலத்தின் நீரை வடித்தால் அதன் கருப்பொருள்களும் உடன் வடிகின்றன. அதனை இவ்விரு மக்களின் வரலாறும் காட்டுகிறது.

காய்ச்சலும் வடிகாலும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் வலண்டைன் கேரி என்னும் தோட்டத்துரை இத்தீவில் இரப்பர்த் தோட்டத்தைத் தோற்றுவித்தார். தீவும் அவர் பெயரையே பெற்றது. அதே காலத்தில் வடக்கே அலையாத்திச் சதுப்பில் புதிய துறைமுகம் எழுந்தது. 1899இல் இருப்புப்பாதை அங்கு எட்டியது. 1901 செப்டம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. பிராங்க் ஸ்வெட்டன்ஹாமின் பெயரால் வழங்கிய அது, 1972இல் கிள்ளானின் பெயரைப் பெற்றது.

துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் பரவித் தொழிலாளரை வீழ்த்தியது. 1901இல் கிள்ளானிலும் துறைமுகத்திலுமாகக் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். அவ்வாண்டு கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்புக் காட்டை அழித்து, கரை கட்டி, நீரை வடிக்க வலியுறுத்தினார். அப்பணி நிகழ்ந்தபின் 1902இல் இறப்பு 59 ஆகவும், 1903இல் 46 ஆகவும் குறைந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897இல் இந்தியாவில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் கழிந்திருந்த நிலையில், உலக மருத்துவ வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க வெற்றியாயிற்று.

எனினும் வாட்சனின் பிற்கால ஆய்வே நமக்கு மேலும் பயன்தருவது. கரையோரச் சதுப்பில் நோய் பரப்பிய கொசுவினம் நிழல்படிந்த நீரை விரும்புவது. ஆதலால் காடழித்து வடிகால் வெட்டியதும் அது மறைந்தது. மலைச்சாரல் தோட்டங்களிலோ காட்டை அழித்ததும் வெயில்படும் ஓடையில் வளரும் வேறோரினம் பெருகிக் காய்ச்சலை மிகுவித்தது. ஓரிடத்து மருந்து மற்றோரிடத்தில் நோயாயிற்று. நிலம் அறியாத திட்டம் பயன்தராது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஃபென் சிற்றூர்களிலும் முற்காலத்தில் மலேரியாக் குளிர்காய்ச்சல் நிலவியது. அதன் துன்பம் தணிய மக்கள் கசகசாச் செடியின் காயை வேகவைத்துக் குடித்தனர்.

வெட்டிய கைகள்

இவ்வடிகால்களை வெட்டியோர் யாவர்? 1907இல் தமிழர் குடிபெயர்வு நிதி உருவானது. 1910ஆம் ஆண்டை ஒட்டி ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணி முறையே ஆட்சேர்ப்பின் முதன்மை வழியாகி, 1938 வரை நீடித்தது. அவ்வழி வந்தோரின் மாவட்டங்களுள் தஞ்சாவூரும் திருச்சிராப்பள்ளியும் அடங்கும். வாய்க்கால், வடிகால், மதகு, வரப்பு என்னும் சொற்கள் காவிரிப் படுகையில் அன்றாட வழக்கு. அங்கு ஆற்றுநீரை வயலுக்குக் கொணர்வதே முதல் வேலை. இங்கோ மழைநீரை வெளியேற்றிக் கடல்நீரைத் தடுப்பதே முதல் வேலை.

ஓதம் இறங்கும்போது திறந்து, ஏறும்போது கடல்நீரின் அழுத்தத்தாலேயே மூடிக்கொள்ளும் கதவு இம்முறையின் உயிர்நிலை. ஒரு கதவில் மரக்கட்டை சிக்கினாலும், நண்டு வளை கரையைத் துளைத்தாலும் உப்புநீர் உட்புகும். ஆகவே கரை ஒருமுறை கட்டி முடிக்கப்படுவதன்று. ஆண்டுதோறும் மீளக் கட்டப்படுவது. தூர்வாருதலும் கரைக்கு மண் ஏற்றுதலும் ஓயாத வேலைகளாகும்.

தோட்டத்துப் பேச்சுவழக்கில் வடிகாலைக் குறிக்கும் 'அல்லூர்' என்னும் சொல் இங்குக் கருதத்தக்கது. அது மலாய் மொழியின் 'அலூர்' என்பதோடு ஒலியாலும் பொருளாலும் ஒப்புமை உடையது. 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல் 'கித்தா' ஆனதைப் பலரும் எழுதியுள்ளனர். அல்லூரோ அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. வடிகால் என்னும் சொல்லை உடைய ஒரு மக்கள், புதிய நிலத்தின் வடிகாலுக்குப் புதிய சொல்லை ஏற்றது ஆய்வுக்குரியது.

கரிகாலன் இலங்கைக் கைதிகளைக் கொண்டு காவிரிக்குக் கரை கட்டினான் என்பது மரபுச்செய்தி. ஃபென் நிலத்து வடிகால்களை 1650இல் டன்பார்ப் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகளும் வெட்டினர் என்பது வரலாறு. கட்டுவித்தோன் பெயர் நிற்க, கட்டியோர் பெயர் மறைவது கரைகளுக்குப் பொதுவிதி போலும். தோட்டத் தொழிலாளர் கைதிகள் அல்லர். ஆயினும் பெயர் மறைந்த நிலையில் அவர்களும் அவ்வரிசையிலேயே நிற்கின்றனர்.

தாழும் நிலம்

வடிக்கப்பட்ட நிலம் அப்படியே நிற்பதில்லை. ஃபென் பகுதியில் ஹோம் என்னுமிடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், நிலமட்டத்திற்குச் சமமாக இறக்கப்பட்ட இரும்புத்தூண் இன்று ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே தெரிகிறது. தூண் உயரவில்லை, நீரை இழந்த கரிமண் தாழ்ந்தது. மேற்கு ஜொகூரின் வடிக்கப்பட்ட கரிமண் நிலங்களிலும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் தாழ்வு அளவிடப்பட்டுள்ளது.

அலையாத்திக் களிமண்ணின் இயல்பு வேறு. அதிலுள்ள கந்தக இரும்புக் கனிமம் காற்றுப்பட்டால் கந்தக அமிலமாக மாறிப் பயிரைக் கெடுக்கும். எனவே நீர் மிகுந்தாலும் தீங்கு, முற்றும் வடிந்தாலும் தீங்கு. நீர்மட்டத்தை இடைநிலையில் காக்கும் அறிவே இந்நிலத்தின் வேளாண்மை.

தீவின் உடைமை ஹாரிசன்ஸ் நிறுவனத்தின் வழிவந்த கோல்டன் ஹோப்பிடமிருந்து 2007இல் சைம் டார்பிக்குச் சென்றது. 2017இல் இத்தீவில் பெருந்துறைமுகம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் கிள்ளான் ஆற்றோரத் தாழ்நிலமான தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் நாள்கணக்கில் வடியாமல் நின்றது. தோட்டத்தை விட்டு நகர்க்குப் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் அவ்வெள்ளத்தை அறிந்தன. தோட்டத்தின் கரையை விட்டு வந்தாலும் தாழ்நிலத்தை விட்டு வரவில்லை என்பதே உண்மை.

முடிவுரை

இந்நிலப்பகுதியின் வரலாற்றில் முதலாளி, மருத்துவர், பொறியாளர் ஆகியோரின் பெயர்கள் ஊர்ப்பெயராகவும் நூற்பெயராகவும் நிலைத்துள்ளன. கரையையும் வடிகாலையும் நாள்தோறும் காத்தோரின் அறிவு எழுத்தில் ஏறவில்லை. அது முதியோர் நினைவிலும் அல்லூர் போன்ற சொற்களிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. தோட்ட இலயங்கள் வெறுமையாகி, பள்ளிகள் இடம்பெயரும் காலத்தில் அச்சேமிப்பும் விரைந்து அழிகிறது.

ஆகவே, கரையோரப் பகுதிகளில் பணியாற்றும் தமிழாசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு நீர், மண், கரை, கதவு பற்றிய தோட்டச் சொற்களையும் அவற்றைக் கையாண்டோரின் வாய்மொழியையும் தொகுத்தல் வேண்டும். மா மெரி மக்களின் நில நினைவுகளும் அத்தொகுப்போடு ஒப்பிட்டு நோக்கப்பட வேண்டியவை. நம் முன்னோர் கரை கட்டியது அவர்தம் சதுப்பின் மீதே என்பதை மறைத்து எழுதும் வரலாறு முழுமையடையாது. உழைத்தோம் என்பது எத்துணை உண்மையோ, அவ்வுழைப்பால் பிறர் நிலம் மாறியது என்பதும் அத்துணை உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே எழுதுவதே இத்தாழ்நிலத்தின் வரலாற்றுக்கு நாம் செய்யும் நேர்மையாகும்.