வென்றவர் கொடுத்த தவணை

காந்தி என்றதும் சத்தியாக்கிரகமே நினைவுக்கு வருகிறது. சட்டத்தரணியாக அவர் செய்துவைத்த ஓர் இணக்கத்தையும் நான் அதற்கு ஈடாகவே மதிக்கிறேன்.

1893இல் தாதா அப்துல்லாவின் வணிக நிறுவனத்துக்காக அவர் தென்னாபிரிக்கா சென்றார். பிரிட்டோரியாவிலிருந்த தையப் சேத்திடம் 40,000 பவுண் கோரிய வழக்கு அது. வழக்காளிகள் இருவரும் போர்பந்தர்க்காரர், உறவினருங்கூட. கணக்கேடுகளை நுணுகி ஆராய்ந்த காந்தி, தமது கட்சிக்காரரின் பக்கமே வலுவானதென அறிந்தார். ஆயினும் வழக்குச் செலவு இருவரையும் விழுங்கிவிடும் எனக் கண்டு, நடுவர் தீர்ப்புக்கு இணங்கச் செய்தார்.

தாதா அப்துல்லா வென்றார். ஏறத்தாழ 37,000 பவுணையும் செலவையும் ஒரே தடவையில் செலுத்தத் தையப் சேத்தால் இயலாது, வற்புறுத்தினால் வங்குரோத்துத்தான். போர்பந்தர் மேமன் வணிகருக்கு அது சாவினும் கொடியது. நீண்டகாலத் தவணைக்கு வென்றவரைச் சம்மதிக்கச் செய்வது, இருவரையும் நடுவர் தீர்ப்புக்கு இணங்கச் செய்ததைவிடக் கடினமாயிருந்ததெனக் காந்தி தமது 'சத்திய சோதனை'யில் எழுதுகிறார். முடிவில் தாதா அப்துல்லா இசைந்தார்.

கட்சிக்காரரின் பணத்தைக் காந்தி விட்டுக்கொடுக்கவில்லை. காலத்தை மட்டுமே விட்டுக்கொடுக்கச் செய்தார். நொடித்துப்போன எதிராளியிடம் தீர்ப்புப் பத்திரத்தைக் காட்டி என்ன பயன்? தோற்றவர் நிறைவேற்றக்கூடிய தீர்வே கட்சிக்காரருக்கும் இலாபம், சட்டத்தரணிக்கும் அறம்.